எடை சொன்ன மெஷின் குணமும் சொன்னது

குத்தாலிங்கத்துக்கு அம்மா எழுதுகிறேன். நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம், இடமிருந்தால்.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. இங்கே சாரல் விடாமல் அடிக்கிறது. தபால்காரர் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். படித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன். ஐந்தாம் வகுப்பில் ஒரு பிள்ளை பென்சிலைக் கீழே போட்டதற்கு நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பார்த்தார். அந்தப் பிள்ளை என்ன பாவம் செய்தது? திட்ட வேண்டியவன் பம்பாயில் உட்கார்ந்திருக்கிறான். அதனால்தான் இந்த நீளக் கடிதம். உன் ஆபீஸ் சிநேகிதர்களும் படிக்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. உன்னை மாதிரி படித்த பிள்ளைகளைப் பெற்ற எல்லா அம்மாக்களும் படித்தாலும் சரிதான்.

நீ எழுதியதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா பார். உங்கள் கம்பெனியில் ஓர் அறை முழுக்க ஒரு மெஷின் வந்திருக்கிறது. அந்த அறைக்கு மட்டும் குளிர்சாதனம் உண்டு, குமாஸ்தாக்கள் உட்காரும் அறைக்கு இல்லை. பத்திரிகைக்காரர்கள் அதை எலெக்ட்ரானிக் மூளை என்கிறார்கள். ஒவ்வொரு குமாஸ்தாவுக்கும் ஓர் அட்டை. அவருக்கு என்ன வயது, எத்தனை நாள் லீவு, எத்தனை நாள் தாமதம், ஒரு நாளைக்கு எத்தனை தாள் பார்க்கிறார், எல்லாம் அதில் ஓட்டை ஓட்டையாக இருக்கும். அட்டைக்கட்டை உள்ளே கொடுத்தால் யார் கம்பெனிக்குத் தேவை, யார் தேவையில்லை என்று அது பிரித்து வைத்துவிடும். முப்பத்தொரு பேர் தேவையில்லை என்று வந்திருக்கிறது. அட்டைப் பிரிவு அதிகாரி என்ற முறையில் மாதக் கடைசிக்குள் அந்தப் பட்டியலில் நீ கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் முப்பத்தொரு பேரும் வேலையை விட்டுப் போக வேண்டும். இவ்வளவையும் எழுதிவிட்டு, உனக்கு இரண்டு நாளாகத் தூக்கம் சரியில்லை என்றும் ஒரு வரி போட்டிருக்கிறாய். அந்த ஒரு வரிக்காகத்தான் நான் பேனாவை எடுத்தேன். அதுவும் இல்லாமல் போயிருந்தால் உனக்குக் கடிதமே எழுதியிருக்க மாட்டேன்.

"இதில் யாருடைய விருப்பு வெறுப்பும் இல்லை அம்மா. அது சாதி பார்க்காது, சிபாரிசு பார்க்காது. மெஷின் சொல்வதற்கு நான் என்ன செய்ய முடியும்?" என்று கேட்டிருக்கிறாய். சாதி, சிபாரிசு என்ற இடத்தில் நானும் கொஞ்சம் நின்றேன். அவை படுத்திய பாடு எனக்குத் தெரியாதா? இந்த வேலைக்கு நான் எத்தனை வாசலில் நின்றேன் என்று உன் அப்பாவிடம் கேள். ஆனால் அதற்கு அடுத்த வரியைப் படித்ததும் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். ஏனென்றால் அது நான் சொன்ன வார்த்தை. இருபது வருஷத்துக்கு முன்னால், தென்காசி ரயில்வே ஸ்டேஷனில், உன் கையைப் பிடித்துக்கொண்டு நான் சொன்ன அதே வார்த்தை. நீ என்னிடமிருந்துதான் கற்றாய் போலிருக்கிறது.

அம்மாவுக்கு மெஷின் என்றாலே ஆகாது என்று முடிவு கட்டிவிடாதே. நெல்லைக் குத்திக் குத்தி என் உள்ளங்கை காய்த்துப் போயிருந்தது. நம் மேலகரத்துக்கு ரைஸ் மில் வந்த அன்றைக்கு நான் அதைக் கும்பிடாத குறைதான். பஸ் வந்தது, கரண்டு வந்தது, ரேடியோ வந்தது. எதையும் நான் வேண்டாம் என்றதில்லை. மெஷின் நெல்லைக் குத்தட்டும், தண்ணீரை இறைக்கட்டும், கூட்டிக் கழிக்கட்டும். ஓர் ஆளைப் பார்த்து, நீ இப்படிப்பட்டவன், நீ வேண்டாம் என்று சொல்ல ஆரம்பிக்கிற இடத்தில்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

உனக்கு அப்போது ஆறு வயது. உன் அப்பாவுக்குத் தூத்துக்குடியில் வேலை, மாதம் ஒருமுறைதான் வருவார். எனக்கு வேலை கிடைத்து ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. காலையில் நான் கிளம்பினால் உனக்குக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, மத்தியானம் தூங்க வைப்பதெல்லாம் உன் கோமதி அத்தை. அவளுக்குப் பத்தொன்பது. அவளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார் உன் தாத்தா. என்னோடு வேலை பார்த்த செண்பகராமன் சாருக்கு அவளைக் கேட்டு வாசுதேவநல்லூரிலிருந்து வந்தார்கள். நல்ல குடும்பம். அவரை நான் தினமும் பார்க்கிறேன். வகுப்பில் ஒரு பையனுக்கு வலிப்பு வந்தபோது நாங்களெல்லாம் அவன் கையில் திணிக்க இரும்புச் சாவியைத் தேடிக்கொண்டிருக்க, அவர்தான் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு தென்காசி ஆஸ்பத்திரி வரைக்கும் ஓட்டமும் நடையுமாகப் போனார். சாயங்காலம் அவன் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டுத்தான் தன் வீட்டுக்குப் போனார். இதற்கு மேல் ஒருவரைப் பற்றி என்ன தெரிய வேண்டும்?

பெண் பார்த்தார்கள், பிடித்துவிட்டது. கோமதிக்கும் பிடித்திருந்தது. மதியம் எல்லோரும் அருவிக்குப் போய்க் குளித்துவிட்டு வந்தோம். மாப்பிள்ளையின் மாமா மெட்ராஸிலிருந்து வந்திருந்தார். சாயங்கால ரயிலுக்கு அவரை ஏற்றிவிட இரண்டு குடும்பமும் சேர்ந்து தென்காசி ஸ்டேஷனுக்கே போய்விட்டோம். கோமதி மட்டும் வீட்டில். ரயில் வர நேரமிருந்தது. பிளாட்பாரத்தில் அந்த எடை மெஷின் நின்றது உனக்கு நினைவிருக்கும். சிவப்பும் வெள்ளையுமாக ஒரு சக்கரம் சுற்றும், விளக்கு மினுக்கும், ஓரணா போட்டால் அட்டை விழும். ஒரு பக்கம் எடை, மறுபக்கம் இங்கிலீஷில் இரண்டு வரி பலன். சாரல் சீசனுக்கு வருகிறவர்கள் அருவியில் குளித்து எத்தனை பவுண்டு ஏறியது என்று பார்க்க வரிசையில் நிற்பார்கள்.

நீ ஏற வேண்டும் என்று அடம் பிடித்தாய். செண்பகராமன் சார்தான் உன்னைத் தூக்கி நிறுத்தி ஓரணா போட்டார். அட்டையை என்னிடம் கொடுத்து, "படிங்க டீச்சர்" என்றார். எடை முப்பத்தெட்டு பவுண்டு. பலன், நீங்கள் உயர்ந்த பதவி அடைந்து பலருக்குத் தலைவராவீர்கள். தாத்தாவுக்கு வாயெல்லாம் பல். "பாத்தியளா, எம் பேரன் கலெக்டரு" என்று அந்த மாமாவிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்து போனார். பிறகு தாத்தாவே ஏறினார். எடை சரியாகத்தான் இருந்தது. போன வாரம் நெல் மண்டித் தராசில் விளையாட்டாக உட்கார்ந்து பார்த்தாராம், அதே எடைதானாம். "அடேயப்பா, ஒரு பவுண்டு பிசகலியே" என்றார். அங்கேதான் அவர் விழுந்தார். எடையைச் சரியாகச் சொன்ன வாய் மற்றதையும் சரியாகத்தான் சொல்லும் என்று அவர் மனசு எழுதிக்கொண்டுவிட்டது. ஒரு மாடு வாங்க மூன்று சந்தை சுற்றுகிற மனுஷர் அவர்.

"மாப்பிள்ளையும் ஏறட்டுமே" என்றார். செண்பகராமன் சார் சிரித்துக்கொண்டே ஏறினார். அட்டை என் கைக்கு வந்தது. நான் படித்தேன். வெளியே சாந்தமாகத் தோன்றினாலும் உங்கள் உள்ளம் நிலையற்றது, உங்களை நம்பியவர்கள் வருந்துவார்கள் என்று இருந்தது. ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். எல்லோரும் ஒரு நிமிஷம் சிரித்தார்கள். தாத்தா சிரிக்கவில்லை. ரயில் வந்தது, மாமா ஏறினார், அவர்களும் பஸ்ஸுக்குப் போனார்கள். பிளாட்பாரத்தில் நாம் மட்டும் நின்றோம். தாத்தா என்னைப் பார்த்துக் கேட்டார்.

"என்ன டீச்சரு, நீ கூட வேலை பாக்குத. ஆளு எப்படி? அட்டையில இப்படி வருதே."

நீ என் கையை இழுத்துக்கொண்டு இன்னொரு தரம் ஏற வேண்டும் என்று அழுதுகொண்டிருந்தாய். நான் உன்னைப் பார்த்தேன். கோமதி வாசுதேவநல்லூருக்குப் போய்விட்டால் இவனை யார் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். வேலையை விடச் சொல்வார்கள் என்று நினைத்தேன். இன்னும் இரண்டு வருஷம் கழித்து இவளுக்கு வேறு வரனா வராது என்றும் நினைத்தேன். இவ்வளவும் ஒரு மூச்சு விடுகிற நேரத்தில். பிறகு சொன்னேன்.

"மெஷினு சொல்லுததுக்கு நான் என்ன மாமா செய்ய முடியும்?"

"அதுவும் சரிதான். அதுக்கு யாரு மேல என்ன பகை?" என்றார் அவர்.

அவ்வளவுதான். பொதுவாக நம் வீட்டில் வரன் வந்தால் விசாரிக்க ஆள் அனுப்புவார்கள். அந்த ஆள் மாப்பிள்ளை ஊரில் இரண்டு நாள் தங்கி, டீக்கடையில், முடி வெட்டுகிற இடத்தில், வாய்க்கால் கரையில் என்று பேச்சுக் கொடுத்துவிட்டு வருவார். அவர் ஒரு குறை சொன்னால், யார் சொன்னது, எதை வைத்துச் சொன்னார், அவருக்கும் இவர்களுக்கும் வரப்புத் தகராறு ஏதும் உண்டா என்று தாத்தா குடைந்து எடுத்துவிடுவார். சொன்னவனும் நாளைக்குப் பஸ் ஸ்டாண்டில் அந்த மனுஷர் முகத்தில் முழிக்க வேண்டுமே என்ற பயத்தில் அளந்துதான் பேசுவான். அந்தத் தடவை ஆளே அனுப்பவில்லை. ஜாதகம் சரியில்லை என்று ஒரு கார்டு போட்டு முடித்துவிட்டார். அந்த அட்டையை அச்சடித்தவன் எந்த ஊர்க்காரனோ, செண்பகராமன் என்று ஒருவர் பிறந்ததே அவனுக்குத் தெரியாது. அவனை யாரும் எந்தப் பஸ் ஸ்டாண்டிலும் பார்க்கப் போவதில்லை.

அடுத்த வருஷம் டிரெயினிங்குக்குத் திருநெல்வேலி போகிறபோது அதே மெஷினில் நானும் ஏறினேன். விழுந்த அட்டையில் அதே வரிகள். உங்களை நம்பியவர்கள் வருந்துவார்கள். அந்தத் தடவை மட்டும் அது ஆளைச் சரியாகப் பார்த்துச் சொல்லிவிட்டது. கிழித்துத் தண்டவாளத்தில் போட்டுவிட்டு ரயில் ஏறினேன். திரும்பி வந்து தாத்தாவிடம் காட்டியிருக்கலாம். அப்போது செண்பகராமன் சாருக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. காட்டவில்லை. அவர் தினமும் காலையில் "வணக்கம் டீச்சர்" என்பார், நானும் வணக்கம் என்பேன். ஏன் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. கோமதிக்கு அப்புறம் வந்த வரன்கள் எதுவும் அமையவில்லை. தாத்தாவும் போய்ச் சேர்ந்தார். நீ அவள் கையில் வளர்ந்தாய். உன் முதல் சம்பளத்தில் அவளுக்குத்தான் புடவை எடுத்து அனுப்பினாய். அந்தப் புடவை ஏன் மருமகனிடமிருந்து வர வேண்டியிருந்தது, ஒரு புருஷனிடமிருந்து ஏன் வரவில்லை என்று இப்போது உனக்குத் தெரியும்.

அந்த மெஷின் மேல் எனக்குக் கோபமே இல்லை. அதற்கு என்ன தெரியும், ஓரணா விழுந்தால் அட்டையைத் தள்ளும். என் சுயநலத்துக்கு ஒரு மறைப்பு வேண்டியிருந்தது, அது கிடைத்தது, நான் அதன் பின்னால் போய் நின்றுகொண்டேன். உன் பம்பாய் மெஷினையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். வயதை ஓட்டை போடு, லீவை ஓட்டை போடு, ஆனால் ஒருவர் பத்து வருஷமாகப் புதுப் பையன்களுக்கு வேலை சொல்லிக்கொடுத்தாரே, அதற்கு ஓட்டை வேண்டாம் என்று தீர்மானித்தது யார்? மெஷினா? ஒரு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்த ஓர் ஆசாமிதானே? முப்பத்தொரு பேரை அனுப்ப வேண்டும் என்று முதலில் நினைத்தவனும் ஓர் ஆள்தான். அவனுக்குச் சொல்ல வாய் கூசியது. அதனால் ஒரு மெஷின் வாங்கினான். மெஷின் கூசாது. இப்போது அதற்குக் கையெழுத்துப் போட வராது என்பதால் உன் கையை வாடகைக்குக் கேட்கிறான். உனக்கு வெட்கமாக இல்லையா?

பட்டியலில் தாமோதரன் பெயரும் இருக்கிறது, மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது என்று ஒரு மூலையில் எழுதியிருந்தாய். மூலையில் எழுதினால் எனக்குக் கண் தெரியாது என்று நினைத்தாயா? பம்பாய்க்குப் போன புதிதில் பாஷையும் தெரியாமல் ஆளும் தெரியாமல் நின்ற உன்னை மாதுங்காவில் தன் அறையில் சேர்த்துக்கொண்ட தாமோதரன்தானே? அவருக்கு லீவு நாள் அதிகம், அதனால்தான் மெஷின் தள்ளிவிட்டது என்கிறாய். உன் பழைய கடிதங்களை எல்லாம் நான் வைத்திருக்கிறேன். நேற்று எடுத்துப் பார்த்தேன். உனக்கு டைபாய்டு வந்தபோது, அம்மா பயப்படாதே, தாமோதரன் லீவு போட்டுவிட்டுப் பக்கத்திலேயே இருக்கிறார், கஞ்சி அவர்தான் வைத்துத் தருகிறார் என்று எழுதியிருக்கிறாய். பதினோரு நாள். குத்தாலிங்கம், அந்த அட்டையில் இருக்கிற ஓட்டைகளை எண்ணிப் பார். அதில் பதினொன்று உனக்காக விழுந்தது. அதை மெஷினால் படிக்க முடியாது. உன்னால் முடியும்.

நீ கையெழுத்துப் போடாவிட்டால் வேறொருவன் போடுவான் என்பாய். போடட்டும். அது அவன் அம்மா எழுத வேண்டிய கடிதம். உன் வேலைக்கே ஆபத்து வரலாம் என்பாய். வரலாம், அதை நான் லேசாக நினைக்கவில்லை. உன் தங்கச்சி கல்யாணம் இருக்கிறது, அப்பாவுக்கு ரிட்டயர் ஆக இரண்டு வருஷம்தான் இருக்கிறது, எல்லாம் தெரிந்துதான் எழுதுகிறேன். வேலையை உதறிவிட்டு வா என்று நான் சொல்லவில்லை. நான் கேட்பது ஒன்றுதான். அந்த முப்பத்தொரு பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிடு. எதிரே நாற்காலி போட்டு உட்கார வை. உங்கள் அட்டையில் இப்படி இருக்கிறது, இதற்கு நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேள். முழுவதையும் கேள். கேட்டது எல்லாவற்றையும் உன் மேலதிகாரிக்கு எழுதிக் கொடு. அதற்குப் பிறகும் ஒருவரை அனுப்பத்தான் வேண்டும் என்று உனக்கே தோன்றினால், உங்களை நான் அனுப்புகிறேன் என்று அவர் முகத்தைப் பார்த்து உன் வாயால் சொல்லிவிட்டு அவர் பெயருக்கு நேரே கையெழுத்துப் போடு. மெஷின் என்ற சொல் உன் வாயில் வரக் கூடாது. தாமோதரனிடம் அப்படிச் சொல்ல உனக்கு நாக்கு எழுந்தால் எனக்கு எழுது. நான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இவ்வளவு எழுதி முடித்த பிறகு எனக்கு ஒரு யோசனை வந்தது. எதிரே உட்கார வைத்துச் சொல் என்று மகனுக்கு உபதேசம் செய்கிறேனே, நான் செய்தேனா? கோமதிக்கு இதுவரை ஒன்றும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். ஜாதகம் சேரவில்லை என்று அவளிடமும் சொல்லியிருந்தோம். நேற்று மத்தியானம் அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். எதிரே போய் உட்கார்ந்து, இந்தக் கடிதத்தை முதல் வரியிலிருந்து படித்துக் காட்டினேன். தாமோதரன் வரைக்கும் படித்தேன். கை நிற்காமல் கீரை உருவிக்கொண்டே இருந்தாள். முடித்ததும் சுளகைத் தள்ளி வைத்தாள்.

"ஸ்டேஷன்ல அட்டை எடுத்தது எனக்கு அன்னைக்கே தெரியும் மதினி. ராத்திரி சோறு ஊட்டும்போது பிள்ளை சொல்லிட்டான்" என்றாள். "அட்டையில என்ன எழுதியிருந்துச்சுன்னு நான் ஒரு நாளும் நெனைக்கல. கூட வேலை பாக்குத நீங்க ஏன் வாயத் தொறக்கலன்னுதான் நெனைச்சிக்கிட்டே இருந்தேன்."

அவளே சொன்னாள். "பிள்ளையப் பாக்க ஆளில்ல, இப்பம் போகாதட்டின்னு நீங்க எங்கிட்ட சொல்லியிருந்தா, உங்க கூட சண்டை போட்டிருப்பேன். இல்லன்னா பிள்ளை முகத்தப் பாத்துட்டு நானே இருந்திருப்பேனோ என்னவோ. என்னையக் கேட்டிருக்கலாம்லா மதினி. மெஷின்கிட்ட எங்க போய்ச் சண்டை போட?"

கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சமைத்தாள், எனக்கும் போட்டாள், ஆனால் நேற்றிலிருந்து என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. இன்று காலையில் நான் உறையில் முகவரி எழுதும்போது மட்டும், மழையில் நனையாதபடி சுற்ற ஒரு பிளாஸ்டிக் தாளைக் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். எத்தனை நாள் பேசாமல் இருப்பாளோ தெரியாது. இருக்கட்டும். இருபது வருஷம் கழித்து, கோபித்துக்கொள்ள அவளுக்கு எதிரே ஓர் ஆள் கிடைத்திருக்கிறது. தாமோதரனுக்கு நீ அதையாவது கொடு.

அம்மா